ஜிம் தோர்ப்

ஜிம் தோர்ப் (1887 – மார்ச் 28, 1953) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தடகள வீரரும், அமெரிக்கக் காற்பந்து, பேஸ்பால் ஆகியவற்றின் ஆட்டக்காரரும் ஆவார். 1912 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐம்போட்டி, பதின்போட்டி ஆகிய இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்றார். கோடை விடுமுறையில் பணம் பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்ற காரணத்தால் மறு ஆண்டே இவரது பட்டங்கள் பறிக்கப்பட்டன. அக்காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர் பலர் இதே செயலைச் செய்துவந்தபோதும் தண்டனை இவர் ஒருவர் மீதே முழுமையாக விழுந்தது. இத்தீர்ப்பை முற்றிலும் திருத்த 109 ஆண்டுகள் ஆயின.

இளமை

தோர்ப் இன்றைய ஒக்லகோமா மாநிலத்தில் பிராக் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். அப்பகுதி அப்போது இந்தியப் பிரதேசம் என அழைக்கப்பட்டது. திருமுழுக்குப் பதிவு மே 22, 1887 எனக் குறிப்பிட, தோர்ப் தாம் பிறந்த ஆண்டு 1888 என்றே கூறிவந்தார். இவர் சாக்-ஃபாக்ஸ் என்னும் தொல்குடி இனத்தைச் சேர்ந்தவர். ஒளிமிக்க பாதை எனப் பொருள்படும் வா-தோ-ஹுக் என்பது இவருடைய இனப்பெயராகும். இவருடன் இரட்டையராய்ப் பிறந்த சார்லி சிறுவயதிலேயே நோயுற்று இறந்தார். அதன்பின் தோர்ப் பள்ளியிலிருந்து பலமுறை ஓடிப்போனார். தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர்.

1904 ஆம் ஆண்டு பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். தொல்குடிச் சிறாரை அவர்தம் மொழியிலிருந்தும் வழக்கங்களிலிருந்தும் பிரித்து வளர்க்கும் நோக்குடன் 1879 இல் அமெரிக்க அரசு நிறுவிய உறைவிடப் பள்ளி இது. உண்மையில் இது ஒரு கல்லூரியே அன்று. தையல், தச்சு முதலிய தொழில்களையும் பள்ளிப்படிப்பையும் கற்பித்த நிறுவனமே. ஆயினும் இதன் காற்பந்து அணி ஹார்வர்டு, பென்சில்வேனியா முதலிய பெரும் பல்கலைக்கழகங்களுடன் ஆடியது. அவ்வாட்டங்களின் நுழைவுக் கட்டண வருவாய் பள்ளியின் தடகள நிதியில் சேர்ந்தது. அணியின் பயிற்சியாளர் பாப் வார்னர் எனப் பரவலாக அறியப்பட்ட கிளென் வார்னர் ஆவார். 1907 இல் இவருடைய கவனம் தோர்ப்பின் மீது விழுந்தது.

அக்காலத் தகுதி விதிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்குப் பொதுவான சட்டம் என ஒன்று இருக்கவில்லை. 1906 இல் உருவாகி, 1910 இல் தேசியக் கல்லூரித் தடகளச் சங்கம் எனப் பெயர் மாறிய அமைப்பு நெறிகளை வகுத்ததேயன்றி, அவற்றை மீறுவோரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்டக்காரரின் தகுதியைத் தானே சரிபார்த்துக்கொண்டது. வெற்றி பெறுவதில் அக்கறை உள்ளவரிடமே காவல் பொறுப்பும் இருந்தது எனலாம். ஒரு கல்லூரியில் தகுதியற்றவராகக் கருதப்படுபவர் மற்றொன்றில் தடையின்றி ஆடினார். படிப்பில் நாட்டமின்றிக் கல்லூரிக்குக் கல்லூரி மாறி ஆடிவந்தோரும் இருந்தனர்.

இவற்றுள் மிகுதியாக விவாதிக்கப்பட்டது கோடைக்கால பேஸ்பால் ஆகும். சிற்றூர் அணிகள் விடுமுறையில் கல்லூரி மாணவரைக் கூலிக்கு அமர்த்தின. பணம் பெற்றவர் தொழில்முறை ஆட்டக்காரராகிவிடுவார் என்பதால் மாணவர் பலர் மாற்றுப்பெயரில் ஆடினர். கல்லூரிகள் பல இதனை அறிந்தும் அறியாததுபோல் இருந்தன.

1909 இலும் 1910 இலும் தோர்ப் வட கரோலினா மாநிலத்தின் கிழக்கு கரோலினா கூட்டிணைவில் ஆடினார். முதலில் ராக்கி மவுண்ட் அணியிலும் பின்னர் ஃபயட்வில் அணியிலும் இடம்பெற்றார். ஓர் ஆட்டத்துக்கு 2 டாலர் முதல் வாரத்துக்கு 35 டாலர் வரை இவர் பெற்றதாகக் கூறப்படுகிறது. மற்றவர்களைப் போலன்றித் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். அப்பெயர் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் அச்சாகியும் வந்தது.

1911 இல் வார்னரின் அழைப்பை ஏற்று மீண்டும் கார்லைலுக்கு வந்தார். பணம் பெற்று ஆடிய ஒருவரைப் பள்ளி மீண்டும் தன் அணியில் சேர்த்துக்கொண்டபோது எவரும் தடை எழுப்பவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கார்லைல் அணி ஹார்வர்டு அணியை 18-15 என்ற கணக்கில் வென்றது. தோர்ப் நான்கு கள இலக்குகளை உதைத்தார்.

ஸ்டாக்ஹோம் 1912

ஐம்போட்டியில் நீளம் தாண்டல், 200 மீட்டர், வட்டெறிதல், 1500 மீட்டர் ஆகிய நான்கில் தோர்ப் முதலிடம் பெற்றார், ஈட்டியெறிதலில் மூன்றாமிடம். பதின்போட்டியில் 8,412 புள்ளிகள் எடுத்து, இரண்டாவதாக வந்த சுவீடனின் ஹியூகோ வீசுலாண்டரை ஏறக்குறைய 700 புள்ளிகளால் முந்தினார். இவற்றைத் தவிர உயரம் தாண்டலில் நான்காவதாகவும் நீளம் தாண்டலில் ஏழாவதாகவும் வந்தார். சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவும் உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலசும் வழங்கிய சிறப்புப் பரிசுகளும் இவருக்குக் கிடைத்தன. ஐம்போட்டியில் தோர்ப்புக்குப் பின்னால் வந்தவர்களுள் அமெரிக்கரான ஏவரி பிரண்டேஜ் என்பவரும் ஒருவர்.

நவம்பரில் கார்லைல் அணி இராணுவக் கல்லூரி அணியை 27-6 என வீழ்த்தியது. தோற்ற அணியில் ஆடியவர்களுள் பின்னாளில் குடியரசுத் தலைவரான டுவைட் ஐசனோவரும் ஒருவர். கல்லூரியில் சேரும் முன் தாமும் மாற்றுப்பெயரில் பணத்துக்கு பேஸ்பால் ஆடியதாக இவர் 1945 இல் செய்தியாளரிடம் கூறியதாகப் பதிவுகள் உள்ளன. இதன் பொருட்டு அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்பட்டதில்லை.

பட்டங்கள் பறிக்கப்படல்

1913 சனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரச் செய்தித்தாள் ஒன்று தோர்ப்பின் வட கரோலினா ஆட்டங்களைப் பற்றி எழுதியது. பிற ஏடுகள் அதனைப் பரப்பின. அமெச்சூர் தடகள ஒன்றியத்தின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தோர்ப் கடிதம் எழுதி, தாம் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டார். வேறு கல்லூரி மாணவர்களும் மாற்றுப்பெயரில் இவ்வாறே ஆடினர் என்றும், பணத்துக்காக அன்றி ஆட்டத்தில் கொண்ட விருப்பத்தாலேயே ஆடியதாகவும், இது தவறென அறியாத தொல்குடிப் பள்ளி மாணவனாகத் தாம் இருந்ததாகவும் அதில் குறிப்பிட்டார். கடிதத்தை உருவாக்கியதில் வார்னரின் கை இருந்தது எனப் பல வரலாற்றாளர் கருதுகின்றனர். வார்னரும் பள்ளிக் கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மனும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றனர். இரண்டு ஆண்டுகள் பள்ளியை விட்டு அகன்றிருந்த தன் தலைசிறந்த ஆட்டக்காரர் எங்கிருந்தார் என்பதைப் பயிற்சியாளர் அறியவில்லை என்பது நம்புதற்கு அரிது.

ஒன்றியம் தோர்ப்பின் அமெச்சூர் தகுதியை முன்தேதியிட்டு நீக்கியது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு பட்டங்களைப் பறித்தது. பதக்கங்களும் பரிசுகளும் திருப்பி அனுப்பப்பட்டன. ஐம்போட்டியில் நார்வேயின் ஃபெர்டினாண்ட் பீயும், பதின்போட்டியில் வீசுலாண்டரும் முதலாமவராக அறிவிக்கப்பட்டனர்.

இங்கு விதி மீறியவர் தோர்ப் மட்டும் அல்லர். ஸ்டாக்ஹோம் போட்டிகளின் விதிநூல், ஒரு வீரரின் தகுதி குறித்த முறையீடு போட்டிகள் முடிந்த 30 நாட்களுக்குள் வந்து சேர வேண்டும் என வரையறுத்திருந்தது. செய்தி வெளியானதோ ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின்னர். தண்டித்த அமைப்புகளே தமது காலவரம்பைக் கடைப்பிடிக்கவில்லை. தோர்ப்பின் சார்பில் அதனை எடுத்துக்கூற எவரும் முன்வரவும் இல்லை. அப்போது தொல்குடியினர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமைகூட இருக்கவில்லை. அது 1924 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வந்தது.

கார்லைல் விசாரணை

1914 இல் மாணவர்களின் மனுவை அடுத்து அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று கார்லைல் பள்ளியை விசாரித்தது. தடகள நிதியிலிருந்து காற்பந்து ஆட்டக்காரர்களுக்குப் பணம் வழங்கப்பட்டு வந்தது அதில் வெளிப்பட்டது. அதாவது, சிற்றூர் அணியிடம் பெற்றதற்காகத் தோர்ப் தண்டிக்கப்பட்ட அதே குற்றத்தைப் பள்ளியே தன் செலவில் நடத்தி வந்தது. ஃபிரீட்மன் பதவி இழந்தார். வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, மேலும் பல ஆண்டுகள் புகழ்மிக்க பயிற்சியாளராக விளங்கினார். கார்லைல் பெற்ற வெற்றிகள் எதுவும் ஏட்டிலிருந்து நீக்கப்படவில்லை. பள்ளி 1918 இல் மூடப்பட்டது.

தொழில்முறை ஆட்டம்

தகுதி இழந்த தோர்ப் உடனே நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். 1919 வரை ஜயன்ட்ஸ், சின்சினாட்டி, பாஸ்டன் அணிகளுக்காக ஆடினார். 1915 இல் கான்டன் புல்டாக்ஸ் காற்பந்து அணி ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து இவரை அமர்த்தியது. 1920 இல் உருவான அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்துச் சங்கத்தின் முதல் தலைவர் இவரே. அச்சங்கமே 1922 இல் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு ஆனது. 1928 இல் ஓய்வு பெற்றார்.

பிற்காலமும் மறைவும்

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தோர்ப் குழி தோண்டும் கூலியாளாகவும் திரைப்படங்களில் துணை நடிகராகவும் வேலை செய்தார். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு நுழைவுச்சீட்டு வாங்கவும் இவரிடம் பணம் இல்லை. இதனை அறிந்த துணைக் குடியரசுத் தலைவர் சார்லஸ் கர்ட்டிஸ், தாமும் கா என்னும் தொல்குடி மரபினர், இவரைத் தம்முடன் அமரச் செய்தார். 1950 இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் முற்பாதியின் தலைசிறந்த விளையாட்டு வீரராகத் தேர்வானார். மறு ஆண்டு இவரது வாழ்க்கை பர்ட் லங்காஸ்டர் நடிப்பில் திரைப்படமாக வந்தது. 1953 மார்ச் 28 அன்று கலிபோர்னியாவில் மாரடைப்பால் காலமானார்.

பட்டங்கள் மீட்பு

தோர்ப்பை 1912 இல் எதிர்த்து ஆடிய பிரண்டேஜ் 1952 முதல் 1972 வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். அமெச்சூர் விதியில் சிறிதும் தளர்ச்சி காட்டாத இவர் பட்டங்களைத் திருப்பியளிக்கும் கோரிக்கைகளை ஏற்கவில்லை. அவர் விலகிய மறு ஆண்டு, 1973 இல், அமெச்சூர் தடகள ஒன்றியம் தோர்ப்பின் தகுதியை மீட்டளித்தது. பின்னர் வாழ்க்கை வரலாற்றாசிரியர் இராபர்ட் வீலரும் அவர் மனைவி புளோரன்ஸ் ரிட்லனும் 30 நாள் வரம்பைக் கூறும் 1912 ஆம் ஆண்டு விதிநூலை நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுத்தனர். அதன் விளைவாக 1982 அக்டோபரில் ஒலிம்பிக் குழு இணங்கியது. 1983 சனவரியில் பதக்கங்களின் படிகள் இவரின் மக்களிடம் வழங்கப்பட்டன. ஆனால் தோர்ப் இணை வெற்றியாளர் என்றே பதியப்பட்டார்.

2022 ஜூலையில் இரு போட்டிகளிலும் தோர்ப் மட்டுமே வெற்றியாளர் என ஒலிம்பிக் குழு அறிவித்தது. வீசுலாண்டர் அத்தங்கத்தைத் தமதாக ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை என அவர் குடும்பத்தார் அப்போது உறுதிப்படுத்தினர்.