தாய்மாரின் பேச்சுக்குக் காது கொடுத்த வைத்தியர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பரவிய ஒரு சாதாரண நோய், கருவில் இருந்த குழந்தைகளின் கண்ணையும் காதையும் பறித்தது. அதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவுஸ்திரேலியக் கண் வைத்திய நிபுணர் சேர் நோர்மன் மக்அலிஸ்டர் கிரெக்.

1892 மார்ச் 7 ஆம் திகதி சிட்னியில் பிறந்த கிரெக், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1915 இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். அப்போது முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனையில் பணியாற்றினார். அங்கு காட்டிய துணிவுக்காக மிலிட்டரி குரொஸ் பதக்கமும் பெற்றார். யுத்தம் முடிந்தபின் இங்கிலாந்தில் கண் மருத்துவம் கற்று, 1923 இல் நாடு திரும்பி, சிட்னியின் சிறுவர் வைத்தியசாலையில் சேவையாற்றினார்.

1940 இல் அவுஸ்திரேலியாவில் ருபெல்லா என்ற ஜேர்மன் சின்னமுத்து பெருமளவில் பரவியது. படைக்கு ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி முகாம்களில் நெருக்கமாகத் தங்கவைத்திருந்த காலம் அது. முகாம்களில் தொற்றிய நோய் விடுமுறையில் போன படையினருடன் வீடுகளுக்கும் சென்றது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் சிவந்த தழும்புகளும் வந்து தானாக மாறிவிடும் நோய் என்பதால் எவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு, பிறவியிலேயே கண்புரை உள்ள கைக்குழந்தைகள் வழமைக்கு மாறாக அதிகளவில் கிரெக்கிடம் வரத் தொடங்கினர். அவரது அறைக்கு வெளியே காத்திருந்த தாய்மார், கர்ப்ப காலத்தில் தமக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்ததைத் தமக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. அதைப் பெண்களின் வெறும் கதை என்று அவர் தள்ளிவிடவில்லை. மற்றத் தாய்மாரிடமும் கேட்டார். ஏனைய மாநிலங்களின் கண் வைத்தியர்களிடமும் விபரம் திரட்டினார்.

1941 ஒக்டோபரில் மெல்பேர்னில் நடந்த கண் வைத்தியர்களின் கூட்டத்தில் 78 குழந்தைகள் பற்றிய தன் கட்டுரையை வாசித்தார். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லாக் குழந்தைகளின் தாய்மாருக்கும் கர்ப்ப காலத்தில், பெரும்பாலும் அதன் ஆரம்ப மாதங்களில், ருபெல்லா வந்திருந்தது. குழந்தைகளில் பலர் உருவில் சிறியவர்கள்; உடல் தேறாதவர்கள்; பாலூட்டுவதே சிரமமாக இருந்தது. பலருக்கு இருதயக் கோளாறும் இருந்தது.

அந்தக் கட்டுரையில் செவிப்புலன் பற்றிய பேச்சு இல்லை. கண்ணில் உள்ள புரை வெளியே தெரியும். காது கேளாமை தெரியாது. பிள்ளை பேசத் தொடங்க வேண்டிய வயதில் பேசாதபோதுதான் அது வெளிப்படும். 1943 இல் தென் அவுஸ்திரேலியாவில் சார்ல்ஸ் ஸ்வானும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு அதை வெளிக்கொணர்ந்தது. பின்னர் கிரெக்கும் அதையே கண்டார். கண்புரையை விடவும் அதிகமான பிள்ளைகளைப் பாதித்தது செவிப்புலன் இழப்புத்தான் என்பது பிற்காலத்தில் தெளிவானது.

ஆனாலும் உலகம் உடனே ஏற்கவில்லை. இலண்டனின் லான்செட் மருத்துவ சஞ்சிகை 1944 இல் இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியது. 1951 இல் ஒலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளிவிபரவியலாளர் பழைய குடிசன மதிப்பீடுகளைப் புரட்டிப் பார்த்தார். 1899 ஐ அண்டிப் பிறந்தவர்களில் காது கேளாதோர் தொகை திடீரென உயர்ந்திருந்தது. அதுவும் ருபெல்லா பரவிய காலமே. கிரெக் சொன்னது உறுதியானது. 1953 இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. 1966 இல் அவர் காலமானார். தடுப்பூசி அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 1969 இல். இலங்கையில் 1996 இல் தொடங்கிய ருபெல்லா தடுப்பூசித் திட்டத்தின் பயனாக, இந்த நோய் நாட்டில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவித்தது.

ருபெல்லா ஒழிந்தாலும் காதுக்கான ஆபத்து முற்றாக நீங்கவில்லை. 2500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள், முக்கியமாக 1500 கிராமுக்கும் குறைந்தவர்கள், கூடுதல் ஆபத்தில் உள்ளனர். பிறக்கும்போது ஒட்சிசன் குறைதல், கடுமையான மஞ்சட்காமாலை, கருவிலேயே தொற்றும் வைரசுகள், மூளைக்காய்ச்சல், தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாள் இருத்தல் என்பன ஒன்றுசேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும். உயிரைக் காக்கக் கொடுக்கப்படும் ஜென்ரமைசின் போன்ற மருந்துகளும் சில வேளைகளில் உட்காதைப் பாதிக்கலாம். மருந்தை மறுப்பது இதற்கு வழியல்ல. காதைப் பரிசோதிப்பதே வழி.

பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப்புலன் பரிசோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் அதை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பதே நிபுணர்கள் வகுத்த கால எல்லை. பலத்த சத்தத்துக்குத் திடுக்கிடாத, ஆறு மாதமாகியும் குரல் வந்த பக்கம் திரும்பாத குழந்தையை உடனே காட்ட வேண்டும். முகாம்களிலும் இடப்பெயர்விலும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, உயிர் தப்பியதே போதும் என்றிருந்த நாட்கள் இருந்தன. இன்று, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், போகப்போகச் சரியாகிவிடும் என்று அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. தாய்மாரின் பேச்சுக்குக் காது கொடுத்ததனால்தான் கிரெக் அந்த உண்மையைக் கண்டார்.