மின் ஆமை வளர்த்த மேதை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மாசி பிறந்துவிட்டால் மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் கடற்கரைக்கு விருந்தாளிகள் வருவார்கள். பங்குனி ஆமைகள்! இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டு, திரும்பியும் பாராமல் கடலுக்குள் போய்விடும். ஐம்பது நாள் அளவில் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வரும். தாயும் இல்லை, வழிகாட்டவும் ஆளில்லை. இருண்ட இரவில் கரையைவிடக் கடற்பக்கத்து வானம் சற்று வெளிச்சமாயிருக்கும். அந்த வெளிச்சத்தை நோக்கி நடப்பது ஒன்றே அவை அறிந்த வித்தை. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடுதிகளிலும் விளக்குகள் எரிகின்றன. குஞ்சுகள் கடலை விட்டுச் சாலையை நோக்கி நடக்கின்றன. அப்படி வழிதவறியவற்றை என் தந்தையார் கூடையில் பொறுக்கிக் கடலில் விட்டதைச் சிறுவயதில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளிச்சத்தை நோக்கி நட என்பது போன்ற ஓரிரு கட்டளைகள் மட்டுமே கொண்ட ஒன்று, உயிருள்ளதுபோல் வாழ்ந்து காட்ட முடியுமா? இந்தக் கேள்வியை எழுப்பி, விடைக்காக ஓர் ஆமையையே செய்து தரையில் ஓடவிட்டவர் வில்லியம் கிரே வால்டர் என்னும் மூளை ஆய்வாளர். இன்று பள்ளிதோறும் மாணவர்கள் அட்டையும் மோட்டாரும் கொண்டு சிறு ரோபோக்கள் செய்து மகிழ்கிறார்களே, அந்தக் கைவேலைக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம்.

வால்டர் 1910ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள கன்சாஸ் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். இவ்வளவு பெரிய இடங்களில் படித்தவருக்கு எல்லாம் எளிதாகவே கிடைத்திருக்கும் என்று நம்மைப் போன்றோர் நினைப்போம். ஆனால் கேம்பிரிட்ஜில் அவர் நாடிய ஆராய்ச்சி உதவி கிடைக்கவில்லை. எனவே 1935 முதல் இலண்டன் மருத்துவமனைகளில் ஆய்வு செய்யப் போனார். இதைப் படித்தபோது, தோல்வி என்பது முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய எங்களுக்கு மட்டுமே உரியதன்று என்று சற்று ஆறுதல் அடைந்தேன்.

மனித மூளையிலிருந்து எழும் மெல்லிய மின் அலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் உலகுக்கு அறிவித்திருந்தார். வால்டர் அத்துறையில் இறங்கி, தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். மூளையில் கட்டி உள்ள இடத்தருகே மெதுவான டெல்டா அலைகள் தோன்றுவதை 1936இல் எடுத்துக்காட்டினார். மண்டையைத் திறவாமலே கட்டி இருக்குமிடத்தை ஊகிக்க வழி பிறந்தது. 1939இல் பிரிஸ்டல் நகரின் பர்டன் நரம்பியல் நிலையத்தில் சேர்ந்தார். 1970 வரை அவருக்கு அதுவே பணியிடம்.

மூளையில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கைதான் அறிவுக்குக் காரணமா, அல்லது அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் முறையா? இணைப்பு முறையே முக்கியம் என்பது வால்டரின் எண்ணம். அப்படியானால் இரண்டே இரண்டு உறுப்புகளை இணைத்தாலும் ஏதேனும் நடந்தாக வேண்டும் அல்லவா? வீட்டின் பின்னறையில், மனைவியும் உடன் ஆய்வாளருமான விவியன் டோவியின் துணையோடு, 1948, 1949ஆம் ஆண்டுகளில் இரண்டு ஆமைகளைச் செய்தார். பெயர் எல்மர், எல்சி.

அவற்றின் உறுப்புகளைக் கேட்டால் வியப்பீர்கள். பழைய கடிகாரங்களிலும் எரிவாயு மீட்டர்களிலும் இருந்த பற்சக்கரங்கள், இரண்டு வால்வுகள், இரண்டு மோட்டார்கள், ஒரு பேட்டரி, ஓர் ஒளி மின்கலம், மேலே மூடிய ஓர் ஓடு. நம் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு மாலைப்பொழுது தேடினால் பாதிப் பொருள் சேர்ந்துவிடும்!

மூன்று சக்கரங்களில் முன்சக்கரம் ஒன்றே ஓடவும் திரும்பவும் வல்லது. ஒளியைக் காணும் கண் அச்சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும். வெளிச்சம் தென்படாதவரை கண் சுற்றிச் சுற்றித் தேடும். ஆமையும் வளைந்து வளைந்து அலையும். வெளிச்சம் பட்டதும் சுழற்சி நிற்கும். ஆமை அத்திசை நோக்கிச் செல்லும். மிக அருகில் சென்று ஒளி கடுமையாகிவிட்டால் விலகிப் போகும். ஓடு எதிலேனும் முட்டினால், ஒளியை மறந்து தள்ளியும் திரும்பியும் இடுக்கிலிருந்து வெளியேறும். பேட்டரி தளர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? பார்வையின் கூர்மை குறையும். முன்பு கண்ணைக் கூசவைத்த விளக்கு இப்போது இதமாகத் தோன்றும். கூண்டுக்குள் எரியும் அவ்விளக்கை நாடி உள்ளே போய், அங்குள்ள மின் இணைப்பில் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்ததும் ஒளி மீண்டும் கூசும், வெளியே வந்துவிடும். பசி என்பது இதுதானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு காட்சி. கண் தேடிச் சுழலும்போது மட்டும் எரியுமாறு ஆமையின் தலையில் ஒரு சிறு விளக்கு உண்டு. அதன்முன் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். ஆமை தன் விளக்கின் பிம்பத்தைக் கண்டது. கண்டதும் சுழற்சி நின்று விளக்கு அணைந்தது. அணைந்ததால் பிம்பம் மறைய, மீண்டும் தேடத் தொடங்கியது. விளக்கு மறுபடி எரிந்தது! இப்படி அணைந்தும் எரிந்தும் கண்ணாடிமுன் ஒரு நடனமே ஆடியது. ஒரு விலங்கு இப்படிச் செய்திருந்தால், அதற்குத் தன்னையறியும் உணர்வு சிறிது உண்டென்று கூறியிருப்பார்கள் என வால்டர் கருதினார். வாயடைத்து நிற்க வேண்டிய இடம் இது.

ரோபோ என்ற சொல் 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகத்தில் வந்தது. கட்டாய உழைப்பு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. வால்டரின் ஆமைகளோ யாருக்கும் எந்த வேலையும் செய்யவில்லை. அலைந்தன, தேடின, பசித்தபோது வீடு திரும்பின.

எல்மரும் எல்சியும் அடிக்கடி பழுதாகும். ஆகவே நிலையத்தின் தொழில்நுட்ப வல்லுநர் வாரன் என்பவர் 1951இல் உறுதியான புதிய ஆமைகளைக் கட்டித் தந்தார். அவ்வாண்டு நடந்த பிரிட்டன் விழாக் கண்காட்சியில் மக்கள் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தனர். 1953இல் மூளையைப் பற்றிப் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1964இல் மூளை ஒரு செயலுக்குக் காத்திருக்கும்போது எழும் எதிர்பார்ப்பு அலையை அறிவித்தார். பின்னாளில் அமெரிக்காவில் சீமூர் பேப்பர்ட், குழந்தைகள் லோகோ மொழியில் கட்டளையிட்டால் தரையில் நகர்ந்து கோடு வரையும் ஓர் இயந்திரத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். வால்டரின் நினைவாக அதற்கும் ஆமை என்றே பெயர்.

1970இல் ஸ்கூட்டரில் சென்றபோது, கட்டுமீறி ஓடிவந்த குதிரையால் வால்டர் விபத்துக்குள்ளானார். அடிபட்டது மூளையில். வாழ்நாளெல்லாம் மூளையை ஆய்ந்தவருக்கு இக்கொடுமை! பழைய நிலைக்கு அவர் திரும்பவே இல்லை. 1977 மே 6ஆம் நாள் மறைந்தார். அவருடைய ஆமைகளுள் ஒன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் மற்றொன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியனிலும் உள்ளன.

இவரைப் பற்றிப் படித்த ஆசையில், துறைக் கண்காட்சிக்கு நானும் ஓர் ஆமை செய்தேன். தம்பியின் உடைந்த பொம்மைக் காரின் மோட்டார்கள் இரண்டு, ஒளி பட்டால் மின்தடை குறையும் உறுப்புகள் இரண்டு, டிரான்சிஸ்டர்கள், மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். வீட்டில் இரவில் டார்ச்சின் பின்னால் நாய்க்குட்டிபோல வந்தது. கண்காட்சியன்று காலை, பேராசிரியர்கள் சூழ நின்று பார்க்க, டார்ச்சைக் காட்டினேன். அது என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே வெயில் விழும் சன்னலை நோக்கிப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. நண்பர்கள் சிரித்தார்கள். மும்முறை எடுத்து வைத்தேன். மும்முறையும் அதே சன்னல். அழுகை தொண்டைவரை வந்துவிட்டது.

அன்று என் தந்தையார் முதன்முறையாக நம் கல்லூரிக்கு வந்திருந்தார். அறைக்குள் வரக் கூசி, அதுவரை வாசலிலேயே நின்றிருந்தார். பள்ளிக்கூடமே போகாதவர். டிரான்சிஸ்டர் என்றால் பாட்டுப் பெட்டி என்றே எண்ணுபவர். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். சுவிட்சுப் பலகையருகே நின்ற மாணவனிடம் குழல் விளக்குகளை அணைக்கும்படி கைகாட்டினார்.

அறை இருண்டது. நான் டார்ச்சைத் தரையருகே பிடித்தேன். ஆமை ஒருகணம் தயங்கி, மெல்லத் திரும்பி, என்னை நோக்கி வரத் தொடங்கியது.