மாட்டு வண்டியில் சென்ற கேமரா

ஈசூன் அணைக்கட்டில் சூரிய உதயத்தைப் படமெடுக்க, விடியுமுன்பே முக்காலியை விரித்துக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். முதுகுப் பையில் கேமரா, இரண்டு மூன்று லென்சுகள், ஃபில்டர்கள், கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் இருக்கும். பொழுதுபோக்காகப் படமெடுப்பவருக்கு அதுவே பெரிய சுமை.

நம்மில் பலருக்குப் பூர்வீகமான தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பகுதிகளை 1858ஆம் ஆண்டிலேயே விரிவாகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்பவரும் பொழுதுபோக்காகத்தான் கேமராவைக் கையில் எடுத்தார். அவருடைய சாதனங்கள் முதுகுப் பையில் அடங்குபவை அல்ல. அவற்றை மாட்டு வண்டிகளில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது.

1822ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தவர் டிரைப். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் திரும்பியிருந்தபோது புகைப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. 1853ல் லண்டனில் தொடங்கப்பட்ட புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டு பெங்களூருக்குத் திரும்பியபோது கேமராவும் உடன் வந்தது. அந்த டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது.

அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களுக்கு வெவ்வேறு வழிகள் இருந்தன. சிங்கப்பூரில் ஹோட்டல் நடத்திவந்த டுட்ரோன்குவா 1843லேயே டாகேரோடைப் முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்தார். அது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும் படம். ஒரு தகட்டுக்கு ஒரே படம்தான், நகல் எடுக்க முடியாது. கண்ணாடித் தகட்டு முறையில் நகல் எடுக்கலாம். ஆனால் தகடு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அதற்கு இருட்டறைக் கூடாரம் கூடவே வர வேண்டும். கரடுமுரடான பாதையில் கண்ணாடி உடையும் அபாயம் வேறு.

டிரைப் பெரும்பாலும் நம்பியது மெழுகிட்ட தாளை. மெல்லிய தாளில் மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடு கரைசலில் நனைத்து உலர்த்தி, பின்னர் வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்தால் அது ஒளியை உணரும் நெகட்டிவ் தாளாகிவிடும். அதைப் பல நாள்களுக்கு முன்பே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். எடை குறைவு, உடையாது. படமெடுத்த பிறகு சாவகாசமாக முகாமுக்கு வந்து காலிக் அமிலத்தில் மணிக்கணக்கில் ஊறவிட்டால் உருவம் மெல்ல எழும்பும். ஊர் ஊராக அலையும் ராணுவ அதிகாரிக்கு இது பொருத்தமான தேர்வு. ஒரே சிக்கல், வெயில். சூட்டில் மெழுகு இளகும், ரசாயனங்கள் கெடும்.

கேமராவோ பெரிய மரப்பெட்டி. படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று நடைமுறையில் இல்லை. நெகட்டிவ்வின் மீது தாளை வைத்து வெயிலில் காட்டி அச்செடுப்பார்கள். நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவுதான். டிரைப்பின் தமிழகப் படங்கள் ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம், கிட்டத்தட்ட இன்றைய ஏ3 தாளின் அளவு. அந்தத் தாள் உள்ளே நிற்கும் அளவுக்குப் பெட்டி, அதைத் தாங்கும் முக்காலி, ரசாயனப் புட்டிகள், கழுவும் தட்டுகள், அச்சுச் சட்டங்கள், தாள் கட்டுகள் என்று வண்டிகள் நிறைந்தன.

1855ல் பர்மிய மன்னர் மிண்டோனின் அமரபுரத் தலைநகருக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவில் டிரைப்பும் இடம்பெற்றார். மழையும் நோயும் குறுக்கிட்டபோதும் 200க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களுடன் திரும்பினார். அவற்றில் 120ஐத் தேர்ந்தெடுத்து, 50 தொகுப்புகளாக அச்சிட்டார். ஆக 6,000 படங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் காய்ந்து, தண்ணீரில் அலசி எடுக்கப்பட்டது. இதைப் பார்த்தபின் மதராஸ் அரசாங்கம் 1856ல் அவரை மாநிலத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது.

அவரது பெரும்பயணம் 1857 டிசம்பரில் தொடங்கியது. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம். ராயக்கோட்டை, சேலம் வழியாகத் திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என அவரும் உதவியாளர்களும் சுற்றினார்கள். மீனாட்சியம்மன் கோயிலின் தூண்கள், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம் எல்லாம் தாளில் பதிந்தன. மண்டபங்களின் அரையிருட்டில் லென்சை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். நடமாடுபவர்கள் யாரும் படத்தில் விழமாட்டார்கள். அதனால்தான் எப்போதும் கூட்டம் நிறைந்த மதுரை அவருடைய படங்களில் ஆளரவமற்ற ஊராகத் தெரிகிறது. கோயிலைப் பார்க்க அது வசதி. அந்த ஊரின் மனிதர்களைத் தேடுபவருக்கு ஏமாற்றம்தான்.

தஞ்சையில் அவர் செய்தது வேறு யாரும் துணியாத வேலை. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுகிறது. அதை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. டிரைப் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் படங்கள் எடுத்தார். பின்னர் 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீண்ட ஒரே சுருளாக்கினார். ஒவ்வொரு முறையும் முக்காலியின் உயரமும் சுவரிலிருந்து தூரமும் மாறாமல் இருந்தால்தான் எழுத்துகள் பொருந்தும். இன்று கைப்பேசியை மெல்லத் திருப்பினால் கிடைக்கும் நீள்படத்தை அவர் மரப்பெட்டியால் சாதித்தார். அந்தக் கல்வெட்டுகளை அறிஞர் ஹுல்ட்ஸ் படித்து, கோயிலைக் கட்டியவர் முதலாம் ராஜராஜனே என்பதை உறுதிப்படுத்தியது ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆனால் கிளர்ச்சிக்குப் பின் அரசாங்கத்தின் கஜானா வறண்டிருந்தது. 1859ல் மதராஸ் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படப் பிரிவு அந்த நிதிநிலைக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவு செய்தார். பிரிவு மூடப்பட்டது. மறு ஆண்டு வரிக் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்ததற்காக டிரெவெல்யனே திரும்ப அழைக்கப்பட்டார் என்பது தனிக் கதை. டிரைப்புக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் படைப் பணிக்குத் திரும்பினார், பிறகு கேமராவைத் தொட்டது மிகக் குறைவு. 1870களில் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்ற அவர், 1902ல் பிறந்த ஊரான டெவன்போர்ட்டிலேயே காலமானார்.

2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் அவரது படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றில் சிலவற்றின் வானத்தில் மேகங்கள் மிதக்கின்றன. அன்றைய தாள் நெகட்டிவ்வில் வானம் வெறுமையாகவோ திட்டுத்திட்டாகவோதான் விழும். டிரைப் தூரிகையை எடுத்து, நெகட்டிவ்வின் மீது மேகங்களைத் தானே தீட்டியிருந்தார்.