முக்தி தேடிய ரமாபாய்

போன இதழில் நிறைய பேர் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான் பண்டித ரமாபாய் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். சமூக அறிவியல் பாடத்தில் சீர்திருத்தவாதிகள் வரிசையில் இவர் பெயரும் வரும். ஒரு மார்க் கேள்விக்குப் படிச்சிட்டு விட்டுடுவோம். ஆனா அவர் வாழ்க்கை ஒரு மார்க்குக்குள்ள அடங்காது.

ரமாபாய் 1858-ம் ஆண்டு பிறந்தார். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கவே கூடாது என்றிருந்த காலத்தில் அவர் தன் மனைவி லட்சுமிபாய்க்குச் சொல்லிக் கொடுத்தார். எல்லாரும் எதிர்த்தார்கள். சரி, ஊரே வேண்டாம்னு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள்ள போய் வீடு கட்டிக்கொண்டார். அங்கேதான் ரமாபாய் பிறந்தார். அம்மாதான் அவருக்கு டீச்சர். சின்ன வயசிலேயே ஆயிரக்கணக்கான சுலோகங்கள் மனப்பாடம். நாம செய்யுள் பகுதி எட்டு வரிக்கே எப்படி அழுகிறோம்!

பிறகு சொத்தெல்லாம் போய், குடும்பமே கோயில் கோயிலாக நடந்து புராணம் சொல்லிப் பிழைத்தது. 1870-களில் பஞ்சம் வந்தது. சாப்பாடு இல்லாமல் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மிச்சம் ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் மட்டும்தான். இரண்டு பேரும் பட்டினியோடு நடந்து நடந்து 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பெரிய பெரிய பண்டிதர்கள் இவரைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். அப்போ அவருக்கு வயசு இருபதுதான்.

பட்டம் கிடைச்சாலும் மனசில் நிம்மதி இல்லை. சாஸ்திர நூல்களை ஆழமாகப் படிக்கப் படிக்க அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பெண்ணாப் பிறந்தவளுக்கு நேராக முக்தி கிடையாது, அடுத்த பிறவியில் ஆணாகப் பிறந்தால்தான் உண்டு என்ற கருத்தையே அவர் அதில் திரும்பத் திரும்பக் கண்டார். அத்தனை சுலோகமும் தெரியும், ஆனா அந்தக் கதவு மட்டும் தனக்குத் திறக்காது என்றால் எப்படி இருக்கும்? நான் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன்.

அண்ணனும் 1880-ல் இறந்தார். அதே ஆண்டு பிபின் பிகாரி மேத்வி என்ற வங்காள வக்கீலை சாதி மறுத்துக் கல்யாணம் செய்தார். மனோரமா என்று மகள் பிறந்தாள். 1882-ல் கணவர் காலராவில் இறந்தார். கைக்குழந்தையோடு விதவை. அந்தக் காலத்தில் விதவை என்றால் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இவர் உட்காரவில்லை. புனேவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜம் தொடங்கினார். பெண் டாக்டர்கள் வேண்டும் என்று ஹண்டர் கல்விக் குழு முன்னால் சாட்சி சொன்னார்.

தானே டாக்டராக வேண்டும் என்று 1883-ல் இங்கிலாந்துக்குப் போனார். காது சரியாகக் கேட்காததால் அது முடியவில்லை. ஆனால் அங்கே வேறொன்று நடந்தது. லண்டனில் ஃபுல்ஹாம் என்ற இடத்தில், வாழ்க்கையில் தவறிப்போனவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் அன்பாகப் பார்த்துக்கொள்வதைக் கண்டார். இவர்கள் மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். அவர்கள் யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் உள்ள சமாரியப் பெண்ணின் கதையை எடுத்துக் காட்டினார்கள். ஊரே மதிக்காத ஒரு பெண் மத்தியான வெயிலில் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருகிறாள். இயேசு அவளிடம் தண்ணீர் கேட்டு, கடவுளைப் பற்றிச் சமமாக உட்கார்ந்து பேசுகிறார். இங்கே ஆண், பெண், சாதி என்று யாரையும் வெளியே நிறுத்தவில்லையே என்று ரமாபாய் நினைத்தார். அந்த ஆண்டே மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

எங்க வீட்டில் நாங்க வேற சாமி கும்பிடுகிறவங்க. அவர் மதம் மாறினார் என்பதைவிட, மாறின பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏன்னா அங்கேயும் அவர் தலையாட்டவில்லை! சிலுவையில் லத்தீன் எழுத்து எதுக்கு, சமஸ்கிருதம் இருக்கட்டுமே என்றார். முட்டை கலந்த பலகாரம்கூடத் தொடாமல் சைவமாகவே இருந்தார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் எடுக்கக் கூடாது என்று பிஷப்புகள் சொன்னபோது எதிர்த்துக் கடிதம் எழுதினார். ஒரு குருமார் கூட்டத்தின் நுகத்திலிருந்து வெளியே வந்தவள், இன்னொரு நுகத்தில் கழுத்தைக் கொடுக்க மாட்டேன் என்பது அவர் எண்ணம். பைபிளை நானே படித்துப் புரிந்துகொள்வேன் என்றார். இத்தனைக்கும், தனக்கு முதலில் கிடைத்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்துவை உண்மையாக அறிந்தது எட்டு ஆண்டு கழித்துத்தான் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1886-ல் அமெரிக்கா போய்ப் பேசி, புத்தகம் எழுதி, பணம் திரட்டிக்கொண்டு வந்தார். 1889 மார்ச் 11-ல் பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது. அங்கே விதவைகளும் படிக்கலாம். ஆனால் சில பிள்ளைகள் அவரோடு ஜெபத்தில் உட்கார ஆரம்பித்ததும் 1893-ல் பெரிய பிரச்சினை ஆனது. பத்திரிகைகளில் திட்டினார்கள். பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பயந்ததும் எனக்குப் புரிகிறது. கதவைத் திறந்து வைத்துத்தான் ஜெபம் செய்கிறேன், வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்ல மாட்டேன் என்பது ரமாபாய் பக்கம்.

1896-ல் மறுபடியும் பஞ்சம். பசியில் செத்த அப்பா அம்மா அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். மத்திய இந்தியாவுக்கே போய், சாகக் கிடந்த பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். புனே பக்கத்தில் கேட்காவ்ன் என்ற ஊரில் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, அவர்களுக்கு வீடு அமைத்தார். அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் முக்தி. எது பெண்ணுக்குக் கிடையாது என்று படித்தாரோ, அதே வார்த்தை! 1900 பஞ்சத்துக்குப் பிறகு அங்கே சுமார் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். நெசவு, தோட்டம், பால் பண்ணை, அச்சகம் எல்லாமே பெண்கள் நடத்தினார்கள். பார்வையில்லாதவர்களுக்கு பிரெய்ல் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்போதிருந்த மராத்தி பைபிள் கிராமத்துப் பெண்களுக்குப் புரியாத கடின நடையில் இருந்தது. அதனால் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு பைபிளையும் எளிய மராத்தியில் தானே மொழிபெயர்க்க உட்கார்ந்தார். வருஷக் கணக்கில் அந்த வேலை நடந்தது. 1921-ல் மகள் மனோரமா இறந்தாள். தனக்குப் பிறகு முக்தியைப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்த ஒரே மகள். அப்படியும் அவர் வேலையை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5-ல் காலமானார்.

அந்த பைபிள் முக்தி அச்சகத்திலேயே அச்சானது. பஞ்சத்திலிருந்து வந்தபோது எழுத்துப் படிக்கத் தெரியாமல் இருந்த பெண்கள்தான் அங்கே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தார்கள்.