தனித்து நின்ற இமாம்

கூட்டம் பெரிது என்பதால் ஒரு கொள்கை ஹக்காகிவிடாது. ஆள் குறைவு என்பதால் ஹக்கு தோற்றுவிடாது. இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் வாழ்வே இதற்கு அத்தாட்சி.

ஹிஜ்ரி 164-ல் பிறந்த இமாமவர்கள் தந்தையை இழந்து, தாயாரின் அரவணைப்பில் பக்தாதில் வளர்ந்தார்கள். ஹதீஸ்களைத் தேடி எமன் வரை பயணம் செய்தார்கள்.

ஹிஜ்ரி 218-ல் (கி.பி. 833) கலீபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் முஃதஸிலாக்களின் கொள்கையை உலமாக்கள் ஏற்றாக வேண்டுமென உத்தரவிட்டார். பக்தாத் உலமாக்களில் பெரும்பாலோர் அச்சத்தால் இணங்கினர். உறுதியாக மறுத்த நால்வரிலும் இருவர் பின்னர் இணங்கிவிட்டனர். எஞ்சிய இமாமவர்களும் முஹம்மது இப்னு நூஹ் (ரஹ்) அவர்களும் விலங்கிடப்பட்டுக் கலீபாவிடம் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேருமுன் மஃமூன் இறந்தார். திரும்பும் வழியில் இப்னு நூஹ் அவர்களும் வபாத்தானார்கள். இமாமவர்கள் தனித்து நின்றார்கள்.

அடுத்த கலீபா முஃதஸிம் காலத்தில் சிறைவாசமும் கசையடியும் தொடர்ந்தன. குர்ஆனிலிருந்தும் ஸுன்னத்திலிருந்தும் ஆதாரம் கேட்டதைத் தவிர இமாமவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. வாஸிக் காலத்தில் கிளர்ச்சி செய்ய நாடியவர்களைப் பொறுமை காக்கும்படி தடுத்தார்கள். தம்மை அடிக்கச் செய்த முஃதஸிமையும் மன்னித்தார்கள்.

இந்த உறுதி, வாய்மூடியிருந்தோருக்கும் துணிவு தந்தது. ஹிஜ்ரி 234-ல் கலீபா முதவக்கில் அந்த நிர்ப்பந்தத்தை நிறுத்தினார். ஹிஜ்ரி 241-ல் (கி.பி. 855) இமாமவர்களின் ஜனாஸாவுக்குப் பெருந்திரளான மக்கள் கூடினர். அரசு புகுத்திய கொள்கை மங்கியது. இமாமவர்கள் காத்த கொள்கை அஹ்லுஸ் ஸுன்னத்தின் கொள்கையாக நிலைபெற்றது.

மஹல்லாவே கைக்கூலி வாங்கும்போது நான் ஒருவன் மறுத்து என்ன ஆகும் என்றெண்ணும் வாலிபர்கள் இவ்வரலாற்றைச் சிந்திக்கட்டும். ஆதாரத்தோடும் பொறுமையோடும் ஹக்கில் நிலைத்திருக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.