தளர்ந்த தசைகளின் தோழர் தூஷேன்

வண்டியூர்த் தெப்பக்குளத்தின் படிகளில் மாலை வேளையில் சிறுவர்கள் ஓடி இறங்கி ஓடி ஏறும் காட்சியைக் காணாதார் நம்முள் யார்? ஆயின், நான்கைந்து வயதிலேயே அடிக்கடி இடறி விழும் பிள்ளைகளும் உளர். அவர்கள் தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கை ஊன்றியே எழுவர். கெண்டைக்கால் பருத்திருக்கும், வலு இராது. பன்னிரண்டு வயதளவில் நடையும் நின்றுவிடும். இதற்குத் தூஷேன் தசைநலிவு நோய் என்று பெயர். அப்பெயருக்கு உரியவர் யார்?

கியோம் தூஷேன் 1806-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பூலோன் துறைமுகத்தில், கடலோடிகளின் குடும்பத்தில் பிறந்தார். மகனும் கடலுக்குச் செல்ல வேண்டுமெனத் தந்தை விரும்பினார். மகனோ பாரிசுக்குச் சென்று, 1831-இல் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். ஆண் மகவு பிறந்த சில நாட்களில் மனைவி காய்ச்சலுற்று மறைந்தார். பிரசவம் பார்த்தவர் தூஷேனே ஆதலால் பழி அவர்மேல் விழுந்தது. குழந்தையும் அவரைப் பிரிந்து வளர்ந்தது.

மனம் நொந்த அவர் 1842-இல் மீண்டும் பாரிசு சேர்ந்தார். பதவி இல்லை, பேராசிரியர் பட்டமும் இல்லை. சிறியதொரு மின்கருவியை ஏந்தி மருத்துவமனைதோறும் நடந்தார். தோலின்மேல் மின்சாரம் செலுத்தி, இயங்கும் தசை எது, சோர்ந்த தசை எது என ஆராய்ந்தார். சிலர் நகைத்தனர், அவர் தளரவில்லை. நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாறினால் இவரும் அங்கே சென்றார். புகழ்பெற்ற ஷார்கோ இவரைத் தம் ஆசானாக மதித்தார்.

இந்நோயை 1861-இல் தம் நூலில் குறித்தார். 1868-இல் 13 பேரின் நிலையை விரிவாக எழுதினார். தசைத் துணுக்கை எடுக்க ஊசிக் கருவியொன்றையும் அமைத்தார். அவருக்கு முன்னரே, 1850-களின் தொடக்கத்தில் ஆங்கில மருத்துவர் எட்வர்டு மேரியன் இந்நோயை விவரித்திருந்தார் என்பதையும் மறத்தலாகாது. பிற்காலத்தில் வந்து சேர்ந்த மகனையும் 1871-இல் இழந்த தூஷேன், 1875-இல் மறைந்தார்.

இந்நோய்க்குரிய மரபணுவும், அதனால் உருவாகும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதமும் 1986, 1987-ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவரை இந்நோய் பற்றுகிறது. சீனக் குழந்தை, பிரெஞ்சுக் குழந்தை, தமிழ்க் குழந்தை என்ற வேறுபாட்டை அது அறியாது. தாய்வழி வருவதுண்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்குப் புதிதாகவே தோன்றுகிறது. எவ்வாறாயினும் தாயின் குற்றமன்று, முன்வினையுமன்று. முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் தொடக்கத்திலேயே கண்டால் மருந்தும் உடற்பயிற்சி மருத்துவமும் நடக்கும் காலத்தை நீட்டிக்கும்.

தோழர்களே! நம் தெருவில் ஒரு சிறுவன் தொடையில் கை ஊன்றி எழுந்தால் அவனைச் சோம்பேறி என ஏசாதீர். எளியதோர் இரத்தப் பரிசோதனையே ஐயத்தை எழுப்பிவிடும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் துறைக்கு வழிகாட்டுங்கள். பதவியற்ற ஒருவர் கண் திறந்து பார்த்ததால் பிறந்ததே இந்த அறிவு. பார்க்கும் கண்கள் நமக்கும் உண்டு அல்லவா?