கறை படியாத இரும்பும் ஹாரி பிரியர்லியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து உப்புத்தண்ணியில் இரும்பு வாளி எத்தனை நாள் தாங்கும் என்பது, இறைத்துக் குளித்துப் படித்த நம் பழைய மாணவர்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, எவர்சில்வர் குடம் நம்ம வீடுகளில் சீதனமாகவே ஆகிப்போச்சு. அந்த உலோகத்தின் கதையில் ஒரு பாட்டில் கழுவின பையன் வருகிறார்.

ஹாரி பிரியர்லி 1871-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உருக்கு உலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 12 வயசோடு பள்ளிக்கூடம் நின்னு போச்சு. அப்பா வேலை பார்த்த ஆலையில் எடுபிடி, பிறகு ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிற வேலை. ராத்திரியில் படித்தே முன்னேறி, 1908-ல் பிரவுன் ஃபர்த் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார்.

1912-ல் அவரிடம் வந்தது துப்பாக்கிக் குழல் அரித்துப் போகிற பிரச்சினை. மறு வருஷம் ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் சேர்த்து உருக்கினார். நுண்ணோக்கியில் பார்க்க அமிலம் தடவினால், அமிலம் அதைத் தொடவே மாட்டேன் என்றது. குழலை விட்டு அவர் மனசு கத்திக்குப் போனது.

இனிமேல்தான் சிக்கல். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில்காரர் முதலில் செய்தபோது, கத்தி துருப்பிடிக்கலே. ஆனால் முத்திரை அடிக்கும் கருவிகள் மழுங்கின. இரண்டாம் தடவை கத்தி கடுமையாக வந்தது, ஆனால் நொறுங்கியது. மூன்றாம் தடவை பிரியர்லியும் பக்கத்தில் நின்றார். கத்தி சரியாக வந்தது. ஆனாலும், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே அவரைக் கேலி பண்ணுச்சு.

ஏன் இப்படி? குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத தோல் போர்த்தித் துருவைத் தடுக்கிறது. கத்தி முனைக்கோ கார்பன் வேணும். கார்பன் கூடினால் அது குரோமியத்தையே பிடித்துக் கொள்ளும். பக்கத்து இடம் வறண்டு, அங்கே துரு பிடிக்கும், உடையவும் செய்யும். கார்பனைக் குறைத்தால் முனை நிற்காது. குரோமியத்தை அள்ளிப் போட்டாலும் பலனில்லை, கத்தி கடினப்படவே மறுக்கும். சாதாரண உருக்கை விட அதிகச் சூட்டில், ஏறத்தாழ 1000 டிகிரியில் காய்ச்சித் தோய்த்து, பிறகு அளவாகச் சூடேற்றிப் பதம் இறக்க வேணும். திருப்பாச்சேத்தி அரிவாள் அடிக்கிறவருக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

1915-ல் காப்புரிமைத் தகராறில் பிரியர்லி வேலையை விட்டார். 1920-ல் பெஸ்ஸிமர் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1948-ல் காலமானார்.

நேர்மையாகச் சொன்னால், நம்ம குடம் அவர் உலோகமில்லை. ஜெர்மனியின் க்ரூப் ஆலை 1912-ல் காப்புரிமை கேட்ட நிக்கல் கலந்த வகை. 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்ற கலவையை 1924-ல் தந்தவர் பிரியர்லியின் நாற்காலியில் அமர்ந்த ஹாட்ஃபீல்டு. இது நெளியும், உடையாது. ஆனால் உப்புத்தண்ணியை நெடுநாள் தேக்கினால் இதிலும் புள்ளி விழும். வீட்டு எவர்சில்வர் தொட்டியில் வெல்டிங் ஓரத்தைத் தடவிப் பாருங்க. கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொள்கிற இடம் அதுதான். அதற்காகவே கார்பனை 0.03 சதவீதத்துக்குள் வைத்து ஒரு வகை தயாரிக்கிறாங்க.